லீட் எங்கே கோணல் போனது? பிரிட்ஜ் மேசையில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆட்டம் முடிந்து ஸ்கோரைப் பார்க்கிறீர்கள். ஏழு மேசைகளில் ஐந்தில் 3 நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல் ஒன்பது ட்ரிக், அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று ஒன்பதை, எடுப்பதாகக் கேட்ட ஆட்டம்) ஒரு ட்ரிக் குறைந்து விழுந்திருக்கிறது. உங்கள் மேசையில் மட்டும் ஒன்பது ட்ரிக்கைச் சுளையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிரே பார்ட்னர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கும்.

மற்ற எல்லாச் சீட்டையும் டம்மியை, அதாவது ஏலத்தை வென்று ஆடும் டிக்ளேரரின் பார்ட்னர் மேசையில் விரித்து வைக்கும் கையை, பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் சீட்டான லீட் ஒன்றுதான் இருட்டில் போடுவது. அதனால் அது அவ்வப்போது சொதப்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொதப்பினால் அதற்குக் காரணம் இருக்கும். அநேகமாக அந்தக் காரணம், ஏலத்தைக் காதில் வாங்காமல் கையிலிருக்கும் 13 சீட்டை மட்டும் வெறித்துப் பார்த்ததுதான். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். சீட்டுகளுக்கு நம் வீட்டுப் பெயர்களையே வைத்துக்கொள்வோம்: நான்கு சூட் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர்; பெரிய சீட்டுகள் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி.

எதற்கும் முன்னால்: குற்றவாளி லீட்தானா?

நான்கு கையையும் விரித்து வைத்துக்கொண்டு "ஆட்டின் போட்டிருக்கலாமே" என்பது பரிசோதனை ஆகாது. மற்ற மூன்று கையையும் மூடுங்கள். உங்கள் 13 சீட்டும் ஏலமும் மட்டும் தெரியட்டும். அப்புறம் ஒரு கணக்கு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று சீட்டுக்கட்டில் மொத்தம் 40 பாயிண்ட். எதிராளிகள் கேம் (3 நோ டிரம்ப், 4 இஸ்பேட் போன்ற பெரிய கேள்வி) வரை போயிருந்தால் அவர்களிடம் சுமார் 25, 26 இருக்கும். அதையும் உங்கள் பாயிண்டையும் கழித்தால் மீதி பார்ட்னரிடம். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் லீட் போடுவது பாதிக் குருட்டாட்டம்.

கணக்குப் போட்ட பிறகும் அதே சீட்டைத்தான் போட்டிருப்பீர்கள் என்றால் அது துரதிர்ஷ்டம். விட்டுவிட்டு அடுத்த போர்டுக்குப் போங்கள். இல்லையென்றால் கீழே படியுங்கள்.

அறிகுறி: நோ டிரம்பில் என் நீள சூட் பழுத்துவிட்டது, ஆனால் எடுக்க ஆளில்லை

நான் பார்த்தவரை அதிகம் நடப்பது இதுதான். "நோ டிரம்ப் என்றால் நீள சூட்டில் நான்காவது பெரிய சீட்டு" என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்ததை மந்திரம் மாதிரி பிடித்துக்கொள்கிறோம். ஒரு கையைப் பாருங்கள்:

இஸ்பேட் 9 7, ஆட்டின் 8 4 2, டைமன் ஜாக்கி 9 6 5 3, கிளாவர் 10 7 3.

உங்கள் வலப்பக்கம் இருப்பவர் 1 நோ டிரம்ப் (15 முதல் 17 பாயிண்ட்) கேட்டார். அவர் பார்ட்னர் நேராக 3 நோ டிரம்ப் போட்டார். மந்திரப்படி டைமன் 5. என்ன ஆகும்? பார்ட்னரிடம் நல்ல டைமன் இருந்தால் இரண்டு மூன்று சுற்றில் உங்கள் சூட் பழுத்துவிடும், அதாவது மிச்சமுள்ள சின்னச் சீட்டுகளும் ட்ரிக் எடுக்கும். பழுத்த டைமன்கள் உங்கள் கையில், ஆனால் வேறு சூட்டில் ஒரு ட்ரிக் எடுத்து உங்கள் கைக்கு வர வழி எது? ஏஸ் இல்லை, ராஜா இல்லை, ராணிகூட இல்லை. பந்தி போட்டாயிற்று, மண்டபத்துச் சாவிதான் இல்லை.

இப்போது அந்தக் கழித்தல் கணக்கு. அவர்களிடம் 26 என்று வைத்தால், உங்களிடம் 1, பார்ட்னரிடம் 13. அந்தப் பக்கம்தான் பலம் இருக்கிறது, அந்தப் பக்கம்தான் சாவியும் இருக்கிறது. ஆகவே பார்ட்னரின் நீள சூட்டைத் தேடிப் போக வேண்டும். எப்படித் தேடுவது? 3 நோ டிரம்ப் போட்ட எதிராளி ஸ்டேமன் (நான்கு இஸ்பேட்டோ ஆட்டினோ உண்டா என்று பார்ட்னரை விசாரிக்கும் 2 கிளாவர்) கேட்கவில்லை. அவரிடம் நான்கு இஸ்பேட்டோ நான்கு ஆட்டினோ இருந்திருந்தால் பெரும்பாலும் கேட்டிருப்பார். ஆக டம்மியில் டைமனும் கிளாவரும் நீளமாக வரவே வாய்ப்பு அதிகம். உங்களிடம் இஸ்பேட் இரண்டுதான், ஆட்டின் மூன்று. எது பார்ட்னரிடம் நீளமாக இருக்கும்? இஸ்பேட். போட வேண்டியது இஸ்பேட் 9.

இது ஒவ்வொரு முறையும் பலிக்குமா? பலிக்காது. ஆனால் டைமன் 5 பலிக்க நிறைய அதிர்ஷ்டம் வேண்டும். இஸ்பேட் 9-க்கு அவ்வளவு வேண்டாம்.

அதே கையில் கிளாவர் 10-க்குப் பதில் கிளாவர் ஏஸ் இருக்கிறது என்று வையுங்கள். இப்போது சாவி உங்களிடம். டைமன் 5 போடுங்கள், தாராளமாக. மாறியது ஒரு சீட்டு, லீட் தலைகீழாகிவிட்டது. நீள சூட்டைப் பார்க்கும்போதே "இதைப் பழுக்க வைத்தால் திரும்ப உள்ளே வர முடியுமா" என்றும் கேட்பதுதான் இதற்கு மருந்து.

அறிகுறி: நான் போட்ட லீடே டிக்ளேரருக்கு ஓசி ட்ரிக்

ராஜா ஜாக்கி 8 4 மாதிரி ஓட்டை விழுந்த நான்கு சீட்டு சூட்டிலிருந்து, 2 நோ டிரம்ப் திறந்தவர் கையை நோக்கிப் போட்டால், பெரும்பாலும் அவரது ராணி மலிவாக ஒரு ட்ரிக் எடுக்கும். ஐந்து சீட்டு இருந்தால் அந்த ஒரு ட்ரிக்கைக் கொடுப்பது முதலீடு, பின்னால் இரண்டாகவோ மூன்றாகவோ திரும்ப வரலாம். நான்கு சீட்டில் அவ்வளவு வராது. வேறு சூட்டில் 10 9 8 இருந்தால் சத்தமில்லாமல் அந்தப் 10-ஐப் போட்டுவிட்டு, டிக்ளேரர் தன் வேலையைத் தானே செய்யட்டும் என்று உட்காருங்கள். ராணி ஜாக்கி 10 போல வரிசையாக இருந்தால் யோசனையே வேண்டாம், தலைச்சீட்டைப் போடுங்கள்.

துருப்பு ஆட்டத்தில் (ஒரு சூட் துருப்பாகி மற்றவற்றை வெட்டும் ஆட்டம்) இதைவிடக் கொடுமையான ஒரு வகை உண்டு: ஏஸை வைத்துக்கொண்டு அதன் அடியிலிருந்து சின்னச் சீட்டு போடுவது. ஒரு முறை 4 இஸ்பேட்டுக்கு எதிராக, ஆட்டின் ஏஸ் 10 6 3-லிருந்து நான் 3 போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. டம்மியில் ராணி 7 5 இறங்கியது, அதிலிருந்து 5 போட்டார்கள். பார்ட்னர் ஜாக்கி போட்டார். டிக்ளேரர் ராஜாவைப் போட்டு எடுத்தார். அவர் கையில் அந்த ராஜா ஒற்றைச் சீட்டு. அடுத்த முறை நான் ஏஸை இறக்கியபோது சின்னத் துருப்பு ஒன்று போட்டு வெட்டிவிட்டார். ஏஸ் இருந்தும் ஆட்டினில் எனக்கு ஒரு ட்ரிக்கும் இல்லை.

நோ டிரம்பில் வெட்டுக்கு இடமில்லை, அதனால் அங்கே ஏஸின் அடியிலிருந்து போடுவது சாதாரணம். துருப்பு ஆட்டத்தில் அந்த சூட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் ஏஸையே போடுங்கள், இல்லையென்றால் அந்த சூட் பக்கமே போகாதீர்கள்.

அறிகுறி: ஏஸ் போட்டேன், டிக்ளேரரின் ராஜா உயிர் பெற்றது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஏஸ் இருப்பது எதிராளியின் ராஜாவைப் பிடிக்க. நாமே முதலில் இறக்கினால் மூன்று சின்னச் சீட்டுகளைத்தான் பிடிக்கும். கூட ராஜாவும் இருந்தால் சரி, அப்போது ஏஸ் போடுவது அருமையான லீட். ட்ரிக்கும் நம்மிடம், டம்மியும் கண்ணுக்குத் தெரிகிறது.

ராஜா இல்லாமலும் ஏஸ் போட ஒரு நல்ல சமயம்: எதிராளி, சலிக்காமல் ஓடும் ஏழெட்டு கிளாவரோ டைமனோ வைத்துக்கொண்டு சூதாட்டமாக 3 நோ டிரம்ப் திறந்தது. அவர் உள்ளே வந்துவிட்டால் ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார். ஏஸைப் போட்டு டம்மியைப் பார்த்து, எந்த சூட்டில் ஐந்து ட்ரிக் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு அந்த ஒரு சீட்டு அவகாசம்தான்.

அறிகுறி: ஒற்றைச் சீட்டைப் போட்டேன், வெட்டும் கிடைக்கவில்லை, பார்ட்னரின் ராணியும் போயிற்று

ஒற்றைச் சீட்டைப் பார்த்தால் கை தானாக அதைத் தொடும். எனக்கு இன்னும் தொடும். போடுவதற்கு முன் மூன்று கேள்வி.

ஒன்று, பார்ட்னர் உள்ளே வருவாரா? எதிராளிகள் 4 ஆட்டின் போயிருக்கிறார்கள், உங்கள் கையில் 13 பாயிண்ட், கூடவே ஒற்றை கிளாவர். கழித்துப் பாருங்கள்: 40-ல் 25 போனால் 15, அதில் உங்கள் 13 போனால் பார்ட்னரிடம் 2. அவர் எங்கே உள்ளே வந்து, எங்கே கிளாவரைத் திருப்பிக் கொடுப்பது? கை நிறையப் பாயிண்ட் இருக்கும்போது ஒற்றைச் சீட்டு லீட் பெரும்பாலும் வீண். வற்றிய கையில்தான் அது வேலை செய்யும்.

இரண்டு, வெட்டப்போகும் துருப்பு சும்மா கிடக்கும் துருப்பா? துருப்பில் ராணி ஜாக்கி 10 வைத்திருப்பவருக்கு எப்படியும் ஒரு ட்ரிக் உண்டு. அதில் ஒன்றை எடுத்து வெட்டினால், வலது பையிலிருந்த பணத்தை இடது பையில் போட்ட கதைதான். 7, 4 போன்ற உதவாத துருப்பால் வெட்டினால்தான் லாபம்.

மூன்று, டிக்ளேரர் துருப்பை உறிஞ்சுவதற்குள் நாம் குறுக்கே வர முடியுமா? ஏஸ் 7 4 இதற்கு இலட்சணமான துருப்பு. ஒற்றை கிளாவர் 6 போடுகிறீர்கள், டிக்ளேரர் எடுத்துத் துருப்பு இறக்குகிறார். உடனே ஏஸால் எடுத்து, பார்ட்னரிடம் பலம் இருக்கும் என்று ஏலத்திலிருந்து ஊகித்த சூட்டைப் போடுகிறீர்கள். அவர் எடுத்து கிளாவரைத் திருப்ப, 7-ஆல் வெட்டு. இதில் உங்கள் கையில் ஐந்து பாயிண்டுதான் இருந்தது என்றால் பார்ட்னரிடம் 10 இருக்கும், அவர் உள்ளே வருவார் என்று நம்பலாம்.

மூன்றில் இரண்டுக்காவது "ஆம்" வராவிட்டால் அந்த ஒற்றைச் சீட்டை விட்டுவிடுங்கள். அதுவும் டிக்ளேரரே கேட்ட சூட்டில் ஒற்றை என்றால் நூறு தடவை யோசியுங்கள். பார்ட்னரின் ராணியும் ஜாக்கியும் எங்கே இருக்கின்றன என்று டிக்ளேரருக்கு நீங்களே காட்டிக் கொடுப்பது அது.

துருப்பே நான்கு இருந்தால் வழி வேறு. அப்போது நீங்கள் வெட்டப் போக வேண்டாம், டிக்ளேரரை வெட்ட வையுங்கள். உங்கள் நீள சூட்டை விடாமல் போட்டால் அவருடைய ஐந்து துருப்பு நான்காகி மூன்றாகும். ஒரு கட்டத்தில் அவரைவிட உங்களிடம் துருப்பு அதிகம்.

அறிகுறி: டிக்ளேரர் தன் தோல்விச் சீட்டையெல்லாம் டம்மியில் வெட்டித் தீர்த்தார்

இது ஏலத்திலேயே எழுதி வைத்திருக்கும். 1 இஸ்பேட், 1 நோ டிரம்ப், 2 ஆட்டின், பாஸ். டம்மிக்கு இஸ்பேட் பிடிக்கவில்லை, ஆட்டின் ஏதோ தேவலை. உங்கள் கையில் இஸ்பேட் ஏஸ் ராணி 10 9. டிக்ளேரரின் இஸ்பேட்டெல்லாம் உங்களிடம் மாட்டியிருக்கிறது. அவருக்கு ஒரே வழி டம்மியில் வெட்டுவது. அதை அடைக்க முதல் சீட்டே துருப்பு. உள்ளே வரும்போதெல்லாம் இன்னொரு துருப்பு.

ஒரு கட்டளையும் உண்டு: ஒன்றாம் மட்டத்தில் நீங்கள் கேட்ட டேக்அவுட் டபுளை (உன் சூட்டைச் சொல் என்று பார்ட்னரைக் கேட்கும் டபுள்) பார்ட்னர் அப்படியே பாஸ் செய்து தண்டனையாக மாற்றினால், துருப்பைப் போடுங்கள். அவரிடம் துருப்பு குவிந்திருக்கிறது. டிக்ளேரரின் சின்னத் துருப்புகளை அவர் துடைத்தெடுக்க விரும்புகிறார்.

எது போடுவது என்று தெரியாதபோதெல்லாம் துருப்பு போடுவது மட்டும் வேண்டாம். ஒற்றைத் துருப்பைப் போட்டுப் பார்ட்னரின் ராணியைக் காட்டிக் கொடுத்த கதைகள் நிறைய உண்டு.

அறிகுறி: டம்மியின் நீள சூட்டில் டிக்ளேரர் தன் தோல்விச் சீட்டையெல்லாம் கழித்துக்கொண்டார்

டம்மி ஒரு சூட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் உட்கார்ந்து காத்திருக்க நேரமில்லை. கேட்கப்படாத சூட்டில், ராஜா இருந்தாலும் அதன் அடியிலிருந்து துணிந்து போடுங்கள். மேலே "ஓட்டை சூட்டைத் தொடாதே" என்றேன், இங்கே தொடு என்கிறேன். முரண்தான். எது என்பதை ஏலம்தான் சொல்லும்.

அறிகுறி: பார்ட்னர் சூட்டைத்தான் போட்டேன், அப்படியும் முறைக்கிறார்

சூட் சரி, சீட்டு தப்பு. 3 நோ டிரம்புக்கு எதிராக ஒரு உதாரணம். பார்ட்னர் இடையில் கேட்ட சூட்டில் அவரிடம் ஏஸ் ஜாக்கி 10 7 3. உங்களிடம் ராஜா 6 2. டம்மியில் 9 4. டிக்ளேரரிடம் ராணி 8 5.

பாசத்தில் ராஜாவைப் போட்டால் ட்ரிக் கிடைக்கும், ஆனால் அத்தோடு டிக்ளேரரின் ராணிக்கு ஒரு ட்ரிக் உறுதியாகிவிடும். அதன்பின் பார்ட்னர் எப்படிப் போட்டாலும் ராணி ஒரு தடவை எழுந்து நிற்கும். 2 போட்டுப் பாருங்கள். பார்ட்னர் ஏஸால் எடுத்து ஜாக்கியைத் திருப்புவார். ராணி வந்தால் உங்கள் ராஜா காத்திருக்கிறது, வராவிட்டால் ஜாக்கியே ட்ரிக். இந்த சூட்டில் டிக்ளேரருக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டு சீட்டு இருந்தால் பெரியது, பெரிய சீட்டோடு மூன்று இருந்தால் சின்னது. மூன்றும் உதவாக்கரை என்றால் எதைப் போடுவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எது என்பதைவிட ஒரே மாதிரி இருப்பது முக்கியம்.

அறிகுறி: பார்ட்னர் என் லீடைத் தவறாகப் படித்தார்

பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டக் காலத்து ஆர். எஃப். ஃபாஸ்டர் கண்டுபிடித்த 11 விதியை உங்கள் பார்ட்னர் நம்பி உட்கார்ந்திருப்பார். நான்காவது பெரிய சீட்டைப் போட்டால், அந்த எண்ணை 11-லிருந்து கழிக்க வேண்டும். மீதி, அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கையில் எத்தனை என்பது. ஏன் 11? ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14 என்று எண்ணினால், ஒரு சீட்டுக்கு மேலே இருப்பவை 14-லிருந்து அந்த எண் போக மீதி. அதில் மூன்று லீட் போட்டவரிடமே இருக்கின்றன. ஆக 11.

நீங்கள் 6 போடுகிறீர்கள். டம்மியில் ராஜா 8 3. பார்ட்னரிடம் ஏஸ் ஜாக்கி 9. 11-ல் 6 போனால் 5. டம்மியில் இரண்டு, அவரிடம் மூன்று. முடிந்தது, டிக்ளேரரிடம் 6-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை. டம்மியிலிருந்து 3 வந்தால் அவர் நிம்மதியாக 9 போட்டு எடுப்பார். இப்படி ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் "இன்றைக்கு டிக்ளேரரைக் குழப்பலாம்" என்று ஐந்தாவதையோ மூன்றாவதையோ போட்டால், முதலில் குழம்புவது பார்ட்னர்தான்.

அறிகுறி: ஸ்லாமைத் தாரை வார்த்தேன்

ஸ்லாம் என்பது பன்னிரண்டோ பதின்மூன்றோ ட்ரிக் எடுப்பதாகக் கேட்பது. 6 நோ டிரம்ப் என்றால் அடக்கி வாசியுங்கள். பார்ட்னரிடம் அநேகமாக ஒன்றும் இருக்காது, ஓட்டை சூட்டைத் தொட்டால் பன்னிரண்டாவது ட்ரிக்கை நீங்களே கொடுத்ததாகும். துருப்பில் 6 என்றால் பெரும்பாலும் எதிர்மாறு: அவர்கள் சூட்டைப் பழுக்க வைத்துக் கழிப்பதற்குள் ஒரு ட்ரிக்கை உண்டாக்க வேண்டும். 7 என்றால் ஆபத்தில்லாத சீட்டு, பல சமயம் துருப்பு.

ஸ்லாமில் பார்ட்னர் திடீரென்று டபுள் செய்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தியடோர் லைட்னர் என்ற அமெரிக்கர் 1929-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வழக்கமான லீடைப் போடாதே, வித்தியாசமாகப் போடு என்று அர்த்தம். பெரும்பாலும் டம்மி முதலில் கேட்ட சூட்டில் பார்ட்னரிடம் ஒரு சீட்டுகூட இருக்காது, வெட்டக் காத்திருப்பார்.

அறிகுறி: நல்ல லீட், ஆனால் போட வேண்டியவர் நான் இல்லை

டிக்ளேரரின் இடப்பக்கம் இருப்பவர்தான் லீட் போட வேண்டும். தெரியாதவர் யாருமில்லை, ஆனாலும் நடக்கும். அதனால்தான் விதியே முதல் லீடைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறது. கவிழ்த்து வைத்த சீட்டு தப்பான கையிலிருந்து வந்திருந்தால் டைரக்டரை (போட்டி நடத்துநர்) அழைத்து, அவர் சொன்ன பிறகு எடுத்துக்கொள்ளலாம், சேதாரமில்லை. பார்ட்னருக்கும் ஏலத்தைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேட்க அப்போது வாய்ப்புக் கிடைக்கிறது.

நிமிர்த்திப் போட்டுவிட்டால் டிக்ளேரருக்கு ஐந்து வழி. லீடை ஏற்றுக்கொண்டு தானே ஆடலாம். ஏற்றுக்கொண்டு தன் கையை டம்மியாக விரித்துப் பார்ட்னரை ஆடச் சொல்லலாம். மறுத்துவிட்டு, உரியவர் அந்த சூட்டையே போட வேண்டும் எனலாம். போடக் கூடாது எனலாம். எதையும் போடட்டும் என்று விட்டு, நிமிர்ந்த சீட்டைத் தண்டனைச் சீட்டாக மேசையிலேயே கிடக்க வைக்கலாம்.

ஒரு முறை இப்படி என் முறை இல்லாமல் நான் நிமிர்த்திப் போட்டது 3 நோ டிரம்புக்கு எதிராக இஸ்பேட் ஏஸ். டிக்ளேரர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இஸ்பேட் வேண்டாம்" என்றார். பார்ட்னரிடம் ராஜா ராணியோடு ஐந்து இஸ்பேட். அவர் என்னைப் பார்க்காமல் கிளாவர் ஒன்றைப் போட்டார். கடைசி நான்கு ட்ரிக்கும் எங்களுக்கு, எல்லாம் இஸ்பேட். அதற்கு முந்தைய ஒன்பதையும் டிக்ளேரர் எடுத்து முடித்திருந்தார்.